கல்லடியிலிருந்து ஒலுவில் வரை: எந்தச் சபைக்கு எந்தத் தண்ணீர்?

வெள்ளி: கல்லடி – பெரியகல்லாறு

அக்காவும் அத்தானும் அமெரிக்காவிலிருந்து வந்து நிற்கிறார்கள். அக்காவுக்குக் கோயில், கல்யாண வீடு, சாறிக்கடை என்று ஆயிரம் வேலை, அத்தானுக்கு ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. இருப்பது சான் டியேகோவுக்குத் தெற்கே சூலா விஸ்டாவில், மெக்சிகோ எல்லைக்கு மிகக் கிட்ட. வந்த நாள் முதல் ஒரே கதைதான். எல்லைக்கு அந்தப் பக்கம் டிஹுவானா நகரத்தின் கழிவுநீர் ஆற்றில் கலந்து இந்தப் பக்கம் அமெரிக்கக் கடற்கரைக்கு வருகிறதாம், இம்பீரியல் பீச் என்ற ஊரில் 2021 கடைசியில் மூடிய கடற்கரை மூன்று வருடம் கழிந்தும் வழமைக்குத் திரும்பவில்லையாம், இரவில் ஜன்னலைத் திறந்தால் கூழ்முட்டை மணமாம். "இஞ்ச உங்களுக்கு அப்பிடிப் பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே" என்று கேட்டாரே, அதில்தான் எனக்குக் கொஞ்சம் ஏறிவிட்டது. பக்கத்து நாடு எதற்கு அத்தான், எங்களுக்குப் பக்கத்துப் பிரதேச சபையே போதும் என்று சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ஏ-4 வீதியால் ஒலுவில் வரை போவதாகத் திட்டம். ராவுக்கு ராவு எழுதிப் போடுகிறேன்.

கல்லடியில் பழைய பாலத்தில் இறங்கி நடந்தோம். 1924இல் கட்டியது, பக்கத்தில் 2013இல் ஜப்பான் உதவியோடு கட்டிய புதுப் பாலம். பாடும் மீன் கதையை அக்கா ஏற்கெனவே வேண்டிய அளவு சொல்லியிருப்பார், நான் விட்டுவிட்டேன். அங்கே நின்று பார்த்தால் வாவியின் ஒரு துண்டுதான் தெரியும். முழு வாவியும் வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கடலோடு சேர்வது இரண்டே இடத்தில், வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. வாவியின் தென்முனை அம்பாறை மாவட்டத்துக்குள் இருக்கிறது, முகத்துவாரம் இரண்டும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள். இந்த ஒரு விசயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சக் கதை எல்லாம் விளங்கும்.

காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், களுவாஞ்சிகுடி எல்லாம் தாண்டி, ஓந்தாச்சிமடத்தில் பிளேன்டீ குடித்து, கோட்டைக்கல்லாறு கடந்து பெரியகல்லாற்றில் நிறுத்தினோம். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் மணல்மேடு. மாரியில் மேலே காட்டுப்பக்கம் மழை அடித்தால் தண்ணீர் எல்லாம் வாவிக்குத்தான் வரும். முகத்துவாரம் அடைத்துக் கிடந்தால் அது போக வழியில்லாமல் வயலுக்குள் ஏறும். அப்போது விவசாயி வெட்டு வெட்டு என்பார், பயிர் தண்ணீருக்குள் நின்றால் அழுகிவிடும். வாவி மீனவர் பொறு பொறு என்பார், நேரம் தப்பி வெட்டினால் வளர்ந்து வருகிற இறால் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்.

பாலத்தடியில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம் யார் முடிவெடுப்பது என்று அத்தான் கேட்டார். ஐயா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "வெட்டுறது பெக்கோ மனே. எப்ப வெட்டுறதெண்டு கச்சேரியில கதைப்பாங்க. தண்ணி நிக்கிற வட்டை அங்கால அம்பாறைக்க, வெட்டுற வாய் இஞ்சால மட்டக்களப்புக்க. அவங்க கோல் எடுத்து இவங்க கேட்டு, மறுகா ஆக்கள் கூடி, அதுக்குள்ள தண்ணி தானா உடைச்சிப் போயிரும்." (பெக்கோ என்றால் மண் வெட்டும் இயந்திரம், கச்சேரி மாவட்டச் செயலகம், வட்டை வயல்வெளி.)

அத்தான் அங்கேதான் தன் ஊர்க் கதையைக் கொஞ்சம் ஒழுங்காகச் சொன்னார். டிஹுவானா ஆற்றின் நீரேந்துப் பரப்பில் முக்கால்வாசி மெக்சிகோவில், ஆனால் சரிவு வடக்கு நோக்கி, ஆறு எல்லை தாண்டி வந்து அமெரிக்கப் பக்கத்தில் கடலில் விழுகிறது. மேலே இருக்கிறவன் ஒரு நாடு, நாற்றம் பிடிக்கிறவன் மறு நாடு. அங்கே இதற்கென்று இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஒரு ஆணைக்குழு 1889இலிருந்து இருக்கிறது, 1944 தண்ணீர் ஒப்பந்தத்துக்குப் பிறகு கழிவுநீர்ப் பிரச்சினையும் அவர்கள் தலையில். எடுக்கிற முடிவுகளை நம்பர் போட்டு இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்கிறார்கள். 1990இல் 283ஆம் நம்பர்: டிஹுவானாவின் கழிவுநீரில் ஒரு பங்கைச் சுத்திகரிக்க அமெரிக்க மண்ணிலேயே நிலையம். ஒரு நாளைக்கு 25 மில்லியன் கலன், அதாவது ஒன்பது கோடி லீற்றருக்கு மேல். மெக்சிகோ தன் மண்ணில் கட்டியிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்குமோ அந்தப் பங்கைக் கொடுக்க வேண்டும், மிச்சம் அமெரிக்கா. எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த வரி: சுத்திகரித்தபின் மிஞ்சும் சேற்றை லொறியில் ஏற்றித் திரும்ப மெக்சிகோவுக்கே அனுப்புவது. தண்ணீரை நான் பார்க்கிறேன், சேறு உன்னுடையது. நல்ல அயலவர்கள்.

"அவ்வளவு இருந்தும் கடற்கரை மூடித்தானே கிடக்குது" என்றேன். "ஓம். நகரம் பெருத்துப் போச்சுது, பைப் எல்லாம் பழசு, திருத்த வேண்டிய நேரத்தில காசு வரேல்ல. 2022இலதான் 328ஆம் நம்பர் போட்டு ரெண்டு பக்கமும் திரும்பக் காசு ஒதுக்கினவை" என்றார். சரி, அங்கேயும் சொர்க்கம் இல்லை. ஆனால் சண்டை பிடிப்பதற்காவது ஒரு மேசை இருக்கிறது.

சனி: துறைநீலாவணைச் சந்தி – கிட்டங்கி

காலையில் மாவட்ட எல்லை. பெரிய கதையெல்லாம் இல்லை, ஒரு சந்தி, இரண்டு கடை, ஓட்டோ நிற்கும் இடம். வாவிப் பக்கம் உள்ளே போனால் துறைநீலாவணை, அது மட்டக்களப்பு மாவட்டம். றோட்டால் நேரே போனால் பெரியநீலாவணை, அது அம்பாறை. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்துத்தான் அம்பாறை மாவட்டத்தை உண்டாக்கினார்கள், ஆகவே இந்தப் பக்கத்து வயசாளிகள் பலர் வீட்டை விட்டு அசையாமலே மாவட்டம் மாறியவர்கள். கல்முனைக்குள் நுழைந்தால் எல்லைக் கதை இன்னும் சூடு. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி 2019இல் உண்ணாவிரதம் நடந்தது ஊருக்கே தெரியும், சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டுமென்ற போராட்டமும் அப்படித்தான். யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் கீழே வந்து அடிபடுவீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: எல்லை போடச் சொல்லிப் பட்டினி கிடந்த ஆட்களை எனக்குத் தெரியும், எல்லைக்குக் குறுக்கே ஓடுகிற வடிகானுக்காக ஒருவர் ஒருவேளைச் சோற்றை விட்டதாக நான் கேள்விப்படவில்லை.

கல்முனையிலிருந்து சேனைக்குடியிருப்பால் உள்ளே போனால் கிட்டங்கி. இந்தப் பயணத்தில் நான் அத்தானுக்குக் காட்ட நினைத்த முதல் இடம் இது. வாவிக்குக் குறுக்கே பதிவான ஒரு தாம்போதி (தரைப்பாலம்), அந்தக் கரையில் நாவிதன்வெளிப் பிரதேசம், சவளக்கடை, அண்ணாமலை. இப்போது மாசி, தண்ணீர் வடிந்துவிட்டது, அறுவடைக் காலம். நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது, எதிரே வருகிற மோட்டார் சைக்கிள் ஒதுங்க இடம் தேடுகிறது. மாரியில் இதே தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும், நாள் கணக்கில் போக்குவரத்து நிற்கும். பாலம் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை கிழண்டுவிட்டது.

இரண்டு பக்கமும் ஆற்றுவாழை. அத்தான் முதலில் பூவைப் பார்த்து வடிவாக இருக்கிறதே என்று போனை எடுத்தார். வடிவுதான், ஊதா நிறம், மேலிதழில் மயில் கண் போல ஒரு மஞ்சள் புள்ளி. ஒன்றைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். கையளவு இலைக்குக் கீழே முழ நீளத்துக்குக் கறுத்த வேர்க்கற்றை, அதற்குள் சின்ன நத்தை, பிளாஸ்டிக் துண்டு, ஒரு சம்போ பைக்கற். இலைத் தண்டை நசித்தால் பொசுக்கென்று காற்றுப் போகும், அந்தக் காற்றில்தான் மிதக்கிறது. தென்னமெரிக்கச் செடி, 1905 வாக்கில் அலங்காரத்துக்கென்று இலங்கைக்குள் கொண்டுவந்தார்கள், நாலே வருடத்தில், 1909இல், இதை வளர்க்கக் கூடாதென்று சட்டமே போட வேண்டி வந்தது. சட்டம் இருக்கிறது, செடியும் இருக்கிறது. வயலில் போடுகிற உரமும் ஊருக்குள்ளிருந்து வருகிற கழிவுநீரும் சேர்ந்தால் இதற்குச் சாப்பாடு. தாம்போதிக்குக் கீழே தண்ணீர் போகிற மதகுகளில் இது வந்து அடைத்தால் மழை குறைவாக இருந்தாலும் தண்ணீர் றோட்டுக்கு மேலே ஏறும்.

துப்புரவு செய்யாமலில்லை. ஆட்கள் அடைத்துப்போன மதகைக் காட்டிச் சத்தம் போட்டால் பெக்கோ வரும், அள்ளும். அள்ளியதைக் கரையில் போட்டால் மழைக்குத் திரும்ப உள்ளே, தள்ளிவிட்டால் அடுத்தவன் பக்கம். வாடைக்காற்று அடித்தால் ஒரு கரைக்கு ஒதுங்கும், கச்சான் காற்று அடித்தால் மறு கரைக்கு. இந்தக் கரை கல்முனை மாநகர சபை, அந்தக் கரை நாவிதன்வெளிப் பிரதேச சபை, வாவி யாருக்கு என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது, றோட்டு இன்னொரு திணைக்களம், நீர்ப்பாசனம் வேறொன்று. தாம்போதி ஓரத்தில் வீச்சு வலையோடு நின்ற பெடியன் ஒருவன் அத்தானிடம், "அண்ண, நாங்க மூணு பேர் தோணியில போய் மதகு வாயை மட்டும் கிளியர் பண்ணுவம், அதுக்கு ஒருத்தரும் பெமிஷன் கேக்கிறல்ல" என்று சிரித்தான். அந்தக் கரையில் படிப்பிக்கிற, ஸ்கூட்டியில் வந்த ஒரு ரீச்சர், மாரியில் பள்ளிக்கூடம் போக சம்மாந்துறைப் பக்கத்தால் சுற்ற வேண்டும், அந்த வழியிலும் மாவடிப்பள்ளியில் தண்ணீர் பாய்ந்தால் லீவு போடுவதைத் தவிர வழியில்லை என்றார். அந்தப் பேரைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது, ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு: மாவடிப்பள்ளி – காரைதீவு

மாவடிப்பள்ளியில் அதிகம் நிற்கவில்லை. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் வயலுக்குக் குறுக்கே போகிற றோட்டு. 2024 நவம்பர் 26, வெள்ளம் றோட்டைக் கடந்து பாய்ந்த நேரம், நிந்தவூர் மதரசாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் ஏறிய உழவு இயந்திரம் இங்கேதான் அடித்துச் செல்லப்பட்டது. மையித்துகளை (உடல்களை)த் தேடிய நாட்களில் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று பாராமல் ஆட்கள் வயலுக்குள் இறங்கினார்கள். தண்ணீர் ஏறினால் றோட்டை மூடு என்று சொல்லும் ஒரு ஆள் இரண்டு கரையிலும் நின்றிருந்தால் போதுமாக இருந்திருக்கும். அத்தான் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பகல் சாப்பாடு காரைதீவில் கூட்டாளி வீட்டில். சுறாப் புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, எழுதத் தேவையில்லை. கை கழுவப் போனபோது அத்தான் பைப்பைத் திறந்துகொண்டே, இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். நல்ல கேள்வி. இந்தக் கரையோர ஊர்களுக்குக் குழாய்நீர் அம்பாறை நகருக்குப் பக்கத்திலுள்ள கொண்டவெட்டுவான் குளத்தடிச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருகிறது. சிங்கள ஊருக்குப் பக்கத்தில் எடுக்கிற தண்ணீர் முஸ்லிம் ஊரையும் தமிழ் ஊரையும் கடந்து கடற்கரை வரை ஒரே குழாயில். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பாகிக் கிடந்த காலத்தை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும். மட்டக்களப்பு நகருக்கும் அப்படித்தான், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். இதில் எல்லைச் சண்டை அதிகம் இல்லை. காரணம் ரொம்ப லேசு: ஒரே நீர் வழங்கல் சபை, வீட்டுக்கு ஒரு மீற்றர், மாதம் ஒரு பில். பில் வருகிற இடத்தில் யார் பொறுப்பு என்று தேட வேண்டியதில்லை. வெள்ளத்துக்கும் ஆற்றுவாழைக்கும் மீற்றர் இல்லை.

கூட்டாளிக்குச் சொந்தம் ஒன்றுமில்லை, பக்கத்து முஸ்லிம் ஊர்க்காரர், வயல் பங்காளி, ஒரு காக்கா (அண்ணன் முறை) வந்திருந்தார், பழைய வட்டைவிதானை, அதாவது வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற பொறுப்பாளர். அவரோடு பேச்சு பட்டிப்பளை ஆற்றுக்குப் போனது, கல்ஓயா என்றால் உங்களுக்கு விளங்கும். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தைக் கட்டிய திட்டம் 1949இல் தொடங்கியது. அணைக்குக் கிட்ட, வாய்க்கால் தலைப்பில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றம், வாய்க்கால் கடைசியில் தமிழ் விவசாயிகள், தண்ணீர் வந்து சேராது. 1981இல் குளத்தில் தண்ணீர் மிகக் குறைந்திருந்த போகத்தில் இடதுகரை வாய்க்காலில் ஒரு வேலை தொடங்கினார்கள். விவசாய ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த பெடியன் பெட்டைகளை ஊர்களில் இருத்தி, விவசாயிகளைச் சின்னச் சின்னக் குழுவாகச் சேர்த்தன. அவர்கள் வாய்க்காலைச் சிரமதானத்தில் துப்புரவாக்கி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி, மிச்சம் பிடித்ததைக் கீழ் வயலுக்கு விட்டார்கள். நாடு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த காலம் அது என்று யோசித்துப் பாருங்கள். "அப்ப வந்த புள்ளைகள் சைக்கிள்ல மேலயும் கீழயும் ஓடித் திரிஞ்சாங்க தம்பி, அவங்களுக்கு அதுதான் வேலை" என்றார் காக்கா. எனக்கு இதில் பிடித்த இடம் அந்தக் கடைசிச் சொல். இரண்டு பக்கமும் போய்வருவதே சம்பளத்துக்குரிய வேலையாக ஒருவருக்கு இருந்தது. இன்று அப்படி ஒரு ஆளை எந்தக் கந்தோரில் தேடுவது? இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டிய கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதன்பின் தேர்தலே இல்லை, ஆளுநர் கையில் ஓடுகிறது.

திங்கள்: நிந்தவூர் – ஒலுவில் – பள்ளக்காடு

நிந்தவூர்க் கடற்கரையில் தென்னை அடியோடு விழுந்து கிடக்கிறது, ஒன்றிரண்டு அல்ல. மணல்மூட்டை அடுக்கியிருக்கிறார்கள், அதையும் கடல் பிய்த்திருக்கிறது. தோணி இழுத்து வைக்க இடமில்லாமல் மீன்வாடியை உள்ளுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். களியோடைப் பாலம் தாண்டி ஒலுவில் போனால் காரணம் கல்லாகவே கடலுக்குள் நீண்டு நிற்கிறது. டென்மார்க் கடனில் கட்டி 2013 செப்டெம்பரில் திறந்த துறைமுகம். இந்தக் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாமல் நடக்கிற வேலை. குறுக்கே கல்லணை வந்ததும் தெற்கில் மணல் தேங்கிக் குவிந்தது, வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் கரை கரைந்தது. துறைமுக வாயும் மணலால் மூடிப் படகு உள்ளே வர முடியாமல் போனது. வாயைத் தோண்டு என்கிறார்கள் ஆழ்கடல் மீனவர்கள், அவர்களில் பலர் கல்முனை, மருதமுனைப் பக்கத்து ஆட்கள். அள்ளுகிற மணலை அரித்த பக்கத்தில் போடு, இல்லையென்றால் தொடாதே என்கிறது ஊர். துறைமுகம் அட்டாளைச்சேனைப் பிரதேச சபை எல்லைக்குள், தென்னை விழுவது நிந்தவூர்ப் பிரதேச சபை எல்லைக்குள்ளும்.

இதே கதை அச்சொட்டாக ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கிறது. ட்வீட் ஆற்று வாயில் 1960களில் கல்லணையை நீட்டினார்கள். அணை நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், அங்கேயும் மணல் வடக்கே நகரும் கரை, ஆகவே அரித்தது குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கோல்ட் கோஸ்ட் கடற்கரையை. முப்பது வருடம் இழுபட்டு, 1990களில் இரண்டு மாநிலமும் ஒப்பந்தம் எழுதி, சட்டமும் போட்டு, 2001இலிருந்து தெற்கில் தேங்குகிற மணலைப் பம்பி ஆற்றுக்கு அடியால் குழாயில் வடக்குக் கடற்கரைக்கு அனுப்புகிறார்கள். வருடத்துக்கு ஐந்து இலட்சம் கன மீற்றர் அளவில், செலவு இரண்டு மாநிலத்துக்கும் பங்கு. ஒரு தரம் அள்ளிக் கொட்டுவது வேலைக்கு ஆகாது, அலை நிற்காத வரைக்கும் பம்பும் நிற்க முடியாது, அதற்கு வருடா வருடம் காசும் ஆளும் வேண்டும். இங்கே சத்தம் வந்தால் ஒருமுறை தோண்டுவார்கள். மணல் ஒருமுறை வந்துவிட்டுப் போவதில்லையே.

துறைமுகத்தடியில் சந்தித்த ஒருவர், "தெக்கால மண் கூடுது, வடக்கால ஊர் போகுது, நடுவுல கப்பலும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் அதைப் போனில் எழுதி வைத்துக்கொண்டார்.

பின்னேரம் பள்ளக்காடு. அட்டாளைச்சேனைக்கு உள்ளே, காட்டோரம், பல சபைகளின் குப்பை பல வருடமாக ஒன்றாக வந்து விழுகிற இடம். இந்த ஒத்துழைப்பு மட்டும் பிசகாமல் நடக்கிறது பாருங்கள். சுற்றியிருந்த மின்வேலி 2014இல் இடி விழுந்து பழுதாகி, திருத்தாமல் விட்டதில் யானைகள் உள்ளே வரத் தொடங்கின. பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடத்தில் இருபது யானை வரை செத்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது, படங்கள் உலகமெல்லாம் போயின. நாங்கள் நின்ற நேரம் கொக்கும் மாடும்தான், தூரத்தில் பற்றைக்குள் ஒன்று அசைந்தது போல இருந்தது, அத்தான் யானை என்கிறார், நான் எருமை என்கிறேன். ஈரமான தரையில் கிடந்த யானைப் பிண்டத்தைக் கம்பால் கிளறிப் பார்த்தோம்: வைக்கோல் போன்ற நாருக்கு நடுவே ஷொப்பிங் பை, நிறம் மாறாமல் முழுசாக. குப்பை தட்டிவிட்டுப் போகிற உழவு இயந்திரத்தின் சாரதியிடம் வேலி யார் திருத்துவது என்று கேட்டேன். "எங்கட சபை டயர் மாத்தவே ஆறு மாசம் சேர்" என்றார்.

குப்பைக்கு எத்தனை சபை வருகிறதோ அத்தனை சபையும் தொன்னுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கில் காசு போட்டாலே வேலிக்கும் காவலுக்கும் வந்துவிடும் என்று அத்தான் வரும்வழியெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தார், அது சரியாகவும் இருந்தது. யார் கூட்டம் கூப்பிடுவது என்ற இடத்தில் கணக்கு நின்றுவிட்டது.

போக நினைக்கிறவர்களுக்கு: அக்கரைப்பற்று றோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் பாதை மோசம், மழைக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் புதையும், ஓட்டோ வராது. மூக்குக்குத் துணி கொண்டுபோங்கள். ஐந்து மணிக்குப் பிறகு அங்கே நிற்க வேண்டாம்.